மடி மேல மடி

முட்டி எப்படி வீங்குச்சுன்னா கேக்குறீங்க? என் தங்கச்சி மாப்பிள்ளை என் மடியில உக்காந்துட்டாரு, அண்ணாச்சி. ஆமா, மடியிலதான். இந்தா, இந்த ரெண்டு தொடையிலயும். ஆளு தொண்ணூத்திரெண்டு கிலோ. சிரிங்க, நல்லாச் சிரிங்க. அங்க கோயில்ல முந்நூறு பேரு சிரிச்சாச்சு, நீங்க ஒருத்தர் சிரிச்சா எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? உள்ள இருக்கிற வைத்தியர்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க வீட்ல மாடியே கிடையாது, அது வேற விஷயம்.

உங்களுக்குக் கை என்ன, பைக்குலருந்து விழுந்துட்டீங்களா? பாத்துப் போகக் கூடாதா? நமக்கு முன்னாடி ஆறு பேரு உக்காந்திருக்காங்க, கட்டுப் போட்டு முடிய மதியம் ஆயிரும். நான் காலை நீட்டிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மடக்குனா உயிர் போகுது.

என் பேரு வெயிலுமுத்து. மைக் செட்டு, சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குப் போடுறவன். சாத்தூரு பக்கம் எந்த விசேஷம்னாலும் என் கோன் ஸ்பீக்கர்தான் பாடும். எத்தனை காதுகுத்துக்கு மைக் போட்டிருப்பேன், கணக்கே கிடையாது. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான். பலகையைப் போடுவாங்க, தாய்மாமன் சம்மணம் போட்டு உக்காருவாரு, பிள்ளையைத் தூக்கி மடியில வைப்பாங்க, ஆசாரி குத்துவாரு. பெத்த அப்பன் எங்கயாவது பந்தியில சாம்பாருக்கு உப்பு பாத்துக்கிட்டு நிப்பான். அதுதான் முறை. அப்பன் இனிஷியலுக்கு, மாமன் மடிக்கு. இதை நானா உண்டாக்குனேன்? காலங்காலமா நடக்குறது.

எனக்கு ஒரே தங்கச்சி, செல்வராணி. திருப்பூர்ல ஒரு பேங்க்ல ஆபிசரு. மாப்பிள்ளை பேரு நவநீதன். வீட்ல உக்காந்தே கம்ப்யூட்டர்ல வேலை. ஒரே பையன், மூணு வயசு, அகரன்னு பேரு. தங்கச்சி காலையில கிளம்பிப் போனா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவா. அதனால பிள்ளையைக் குளிப்பாட்டுறது, ஊட்டுறது, தூங்க வைக்கிறது, கால் கழுவி விடுறது, எல்லாம் யாரு? மாப்பிள்ளை! பொய் சொல்லலை அண்ணாச்சி. ஒரு நாள் ஒரு விஷயமாப் போன் போட்டா, "மச்சான், புள்ளைக்கு நகம் வெட்டிக்கிட்டிருக்கேன், தூங்கும்போதுதான் வெட்ட முடியும், அப்புறம் கூப்பிடட்டுமா"ன்னு ரகசியம் பேசுற மாதிரிப் பேசுறாரு. பி.இ. படிச்ச மனுஷன்!

எங்க வீட்ல அதெல்லாம் பழக்கமே இல்லை. எங்கய்யா என்னைத் தூக்கி நான் பாத்ததில்லை. எங்க தாத்தா வீட்ல இருந்தாருல்ல, பெத்தவரு முன்னாடி சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுனா அவருக்கு மரியாதை இல்லைம்பாங்க. தாத்தா செத்த பிறகு தூக்கியிருக்கலாம். அதுக்குள்ள எனக்கு மீசை வந்துருச்சு. அதனால என்ன கெட்டுப் போச்சு? நல்லாத்தானே இருக்கேன்? நானும் என் மகளை அப்படித்தான் வளர்க்கிறேன். வளர்க்கிறேன்னா, அது வளருது. கனிஷ்கான்னு ஒருத்தி இருக்கா. பள்ளிக்கூடம் போறா, வர்றா, அவங்கம்மா மாரீஸ்வரி பாத்துக்குறா. நாம என்ன குறை வச்சோம்? ஃபீஸ் கட்டுறோம், தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். அதுக்கு மேல அப்பன் என்ன செய்யணும்ங்கிறேன்!

விஷயத்துக்கு வாரேன். மருமகனுக்குப் போன வருஷமே மொட்டை எடுத்தாங்க. அன்னைக்கு எனக்குப் போக முடியலை. ஒரு கட்சிக் கூட்டம், ரோடு நெடுகக் கோன் கட்டணும். வேற வழியில்லாம அப்பன் மடியிலயே வச்சு முடி இறக்கிட்டாங்க. கேட்டதும் எனக்குச் சோறு இறங்கலை, அண்ணாச்சி. ஒரு மடி போச்சு. காது குத்துற மடி ஒண்ணுதான் பாக்கி. அதையும் விட்டுட்டா நான் என்ன மாமன்? நாளைக்கு ஊர்ல எவனாவது, "ஊருக்கெல்லாம் மைக் கட்டுறான், தங்கச்சி பிள்ளையை ஒரு தடவை மடியில வச்சானா?"ன்னு கேட்டா மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது?

அதனால இந்தத் தடவை விடலை. போன ஞாயித்துக்கிழமை, அவங்க குலதெய்வம் கோயில்ல, காலையில ஏழே முக்காலுலருந்து எட்டே முக்கால் வரைக்கும் நல்ல நேரம். நான் ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். இருபத்தோரு தட்டுச் சீரு, கிடா, பிள்ளைக்குப் பட்டு வேட்டி, ஒரு ஜோடிக் கடுக்கன். கோயில் வாசல்ல பேனரு. பேனர்ல என் போட்டோ ஆளுயரத்துக்கு, பிள்ளை போட்டோ மூலையில ஒரு வட்டத்துக்குள்ள. "தங்க மருமகனுக்கு மடி தரும் தாய்மாமன்"னு போட்டிருந்தோம். பத்து நாளா வீட்ல சம்மணம் போட்டு உக்காந்து பழகுனேன். நமக்கு வேலையே ஏணியிலயும் மரத்துலயும்தானே, சம்மணம் போட்டு எவ்வளவு நாளாச்சு! மடியில ஒரு அரிசிப் பையை வச்சு, கையால இறுக்கிப் பிடிச்சு, ஆடாம அசையாம அரை மணி நேரம். எம் மக வந்து, "அப்பா, அரிசி அழுவுதா?"ன்னு கேட்டா. போடி அங்கிட்டுன்னு விரட்டி விட்டேன்.

அன்னைக்குக் காலையில நான் போய் இறங்குனதைப் பாக்கணுமே! கொட்டு முன்னாடி, தட்டு பின்னாடி, நடுவுல நான். மைக்கும் நம்மளுதுதான். "இதோ வருகிறார், இதோ வருகிறார், சீர் சுமந்து வருகிறார் தாய்மாமன் வெயிலுமுத்து அவர்கள்"னு நானே பேசி முந்தின நாளே ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேன். நாமளே நடந்து வரும்போது நாமளே பேச முடியாதுல்ல. அந்தச் சத்தத்துல பக்கத்து ஊரு மயிலெல்லாம் கத்துது.

மருமகன் எங்கடான்னு பாத்தா, மாப்பிள்ளை இடுப்புல இருக்கான். மாப்பிள்ளை தோள்ல ஒரு பை. அதுல இல்லாத சாமான் கிடையாது. மாத்து டவுசரு, ஈரத்துணி, தண்ணிப் பாட்டிலு, பொரி, பொம்மை. தங்கச்சி கையை வீசிக்கிட்டு எல்லாரையும் வாங்க வாங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறா. எங்க உலகநாதன் பெரியப்பா இருக்காரே, வாயைத் திறந்தா ஊரே சிரிக்கும், அவரு சத்தமாச் சொல்றாரு: "மாப்பிள்ளைக்குப் பால் ஒண்ணுதான்டா சுரக்கலை!" மாப்பிள்ளை கோவப்படணுமா இல்லையா? "அது மட்டும் சுரந்திருந்தா உங்க மகளை ஆபிஸ்ல இன்னொரு பிரமோஷன் வாங்க விட்டிருப்பேன் மாமா"ங்கிறாரு. ரோசமே இல்லாத ஆளு. ஆனா வாயி மட்டும் இருக்கு.

நான் கையை நீட்டுனேன். "வாடா தங்கம், மாமாகிட்ட வா."

பய ஒரு பார்வை பாத்தான். பேனரைப் பாத்தான், என்னைப் பாத்தான். அப்புறம் ஆரம்பிச்சான் பாருங்க ஒரு அழுகை! நாப்பது வருஷமா, சரி, இருபது வருஷமா ஸ்பீக்கர் போடுறவன் சொல்றேன், அந்த மாதிரி ஒரு சத்தத்தை எந்த ஆம்ப்ளிஃபயரும் தராது. அப்பன் கழுத்தைக் கட்டிக்கிட்டுக் காலால என் மீசையில ஒரு உதை.

சரி, பிள்ளைன்னா அப்படித்தான், வசக்கிறலாம்னு நினைச்சேன். பஞ்சுமிட்டாய் குடுத்தேன். வாங்கிக்கிட்டு அப்பன்கிட்ட போயிட்டான். பலூன் குடுத்தேன். வாங்கிக்கிட்டு அப்பன்கிட்ட போயிட்டான். மஞ்சக் கலர்ல பெரிய ஜேசிபி வண்டி, பொம்மை, கையால மண்ணெல்லாம் அள்ளும், அதைக் குடுத்தேன். அதையும் வாங்கி, "தேங்க்ஸ் மைக் மாமா"ன்னு சொல்லிட்டு அப்பன்கிட்ட போயிட்டான். சீரெல்லாம் செல்லுது, மாமன் செல்லலை. இந்த அநியாயம் எங்கயாவது உண்டா?

மாப்பிள்ளை மெதுவாச் சொல்றாரு, "மச்சான், அவனுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. உங்களை நாலு தடவைதான் பாத்திருக்கான். மடியில உக்காரலாமான்னு அவன்கிட்ட முதல்ல கேக்கணும்."

கேக்கணுமாம்! மூணு வயசுப் பயகிட்ட! எங்க காதைக் குத்தும்போது எவன் எங்களைக் கேட்டான்? தூக்குனான், அமுக்குனான், குத்துனான். காது நல்லாத்தானே கேக்குது?

இன்னொரு கூத்தைக் கேளுங்க. ஒரு மாசமா மாப்பிள்ளை ஒரு கரடிப் பொம்மைக்குக் காது குத்திக் குத்திப் பிள்ளைக்குக் காட்டியிருக்காரு. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் சரியாப் போயிரும்"னு பாடம் நடத்தியிருக்காரு. கரடி காதுல நெசமாவே ரெண்டு கம்மல். அதுவும் அந்தப் பைக்குள்ள இருந்துச்சு. எடுத்துக் காட்டுறாரு, எங்க பெரியப்பா அதையும் விடலை. "ஏம்ப்பா, இதுக்குத் தாய்மாமன் யாரு?"ன்னு கேட்டாரு.

மணி எட்டு இருபது. ஆசாரி ஊசியைத் தீட்டிட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு இன்னும் ரெண்டு ஊர்ல காது குத்து இருக்காம், "சீக்கிரம் வாங்கய்யா, சீக்கிரம் வாங்க"ங்கிறாரு. நான் பலகையில உக்காந்துட்டேன். மடியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுறேன். பிள்ளை வரலை. அப்ப கூட்டத்துல ஒரு குரல், யாருன்னு தெரியலை, தெரிஞ்சா அவன் வீட்டு விசேஷத்துக்கு மைக் போட மாட்டேன். "பேசாம அப்பன் மடியிலயே வச்சுக் குத்திற வேண்டியதுதானே?"ன்னான்.

அவ்வளவுதான். எனக்கு உச்சியில ஏறிருச்சு. எந்திரிச்சேன். "ஓகோ! அப்ப நான் எதுக்கு? பேனரைக் கழட்டு! கிடாயை அவுத்து விடு! தட்டெல்லாம் வண்டியில ஏத்து! அப்பனே மடி, அப்பனே மாமன், அப்பனே அம்மான்னா மத்தவன் எல்லாம் எதுக்குடா?"ன்னு கத்திட்டு விறுவிறுன்னு நடந்து போய் வேன்ல உக்காந்துட்டேன். கதவைச் சாத்துனேன். வேனுக்கு நடக்கும்போது பாதி வழியிலதான் தெரிஞ்சுச்சு, சட்டையில மாட்டுன காலர் மைக்கை அணைக்கலை. நான் கத்துனது கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற மலையில பட்டுத் திரும்ப வருது. "எதுக்குடா... எதுக்குடா..."

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? வேனுக்குள்ள உக்காந்து அழுதேன். மைக்கை அணைச்சுட்டுத்தான். எனக்கு அந்தப் பய மேல ஆசை அண்ணாச்சி. அவன் பிறந்தப்ப ஆஸ்பத்திரியில கொண்டாந்து என் கையில குடுத்தாங்க. நான் சீரியல் லைட்டு வேலையில இருந்து அப்படியே வந்தவன், கையெல்லாம் கரி. வேண்டாம், அழுக்குன்னு குடுத்துட்டேன். அப்புறம் கழுவிட்டு வந்து கேட்டிருக்கலாம். கேக்கலை. ஒரு ஆம்பளை எப்படி வாயை விட்டு, பிள்ளையைக் குடுங்கன்னு கேப்பான்? காது குத்துன்னா கேக்க வேண்டியதில்லை பாருங்க. ஊரே எடுத்து நம்ம மடியில வைக்கும். அதைத்தான் நான் நம்பி இருந்தேன்.

தங்கச்சி ஓடி வர்றா. "அண்ணே, இறங்கு." நான் இறங்கலை. மாப்பிள்ளையும் பிள்ளையோட வந்து நிக்கிறாரு. "மச்சான், உங்க முறையை நான் பறிக்கலை. அவன் அழுதா என்னால பிடிச்சு அமுக்க முடியாது, அவ்வளவுதான்." நான் சொன்னேன், "முறைன்னா முறைதான் மாப்பிள்ளை." அவரு சொன்னாரு, "பிள்ளைன்னா பிள்ளைதான் மச்சான்." நான் ஒண்ணு சொல்ல, அவரு ஒண்ணு சொல்ல, மணி எட்டு முப்பத்தஞ்சு. செல்வராணிக்குப் பொறுமை போயிருச்சு. ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டுக் கத்துனா:

"ஒண்ணு செய்யுங்க! ரெண்டு பேரும் ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்து தொலைங்க!"

அவ திட்டத்தான் செஞ்சா. ஆனா பின்னாடியே வந்த உலகநாதன் பெரியப்பா அதைத் தீர்ப்பா எடுத்துக்கிட்டாரு. அப்படியே நின்னு மோவாயைத் தடவுனாரு. "ஏன், சரிதானே? தாய்மாமன் மடி அடியில. அதுக்கு மேல அப்பன் மடி. அதுக்கு மேல பிள்ளை. மாமன் மடியிலதான் பிள்ளை இருக்கும். நடுவுல என்ன இருந்தா என்ன? பட்டு விரிப்பு போடுறோம்ல, அந்த மாதிரி அப்பனைப் போட்டுக்க. முறை தப்பலை. உக்காருங்கடா!"

நான் பாத்தேன். மாப்பிள்ளை என்னைப் பாத்தாரு. ஆசாரி அங்கருந்து கூவுறாரு, "யாரு மேல யாரு வேணா உக்காருங்க, எனக்குக் காது தெரிஞ்சாப் போதும்!"

போனோம். நான் உக்காந்தேன். மாப்பிள்ளை வேட்டியை ஒதுக்கிக்கிட்டு, "மன்னிச்சுக்கங்க மச்சான்"னு சொல்லிட்டு உக்காந்தாரு. யாத்தாடி! நெல்லு மூட்டை தூக்குனவன் நானு, மூட்டை அசையாது. இது அசையுது! வசதியாத் தள்ளித் தள்ளி உக்காருது! முட்டியில மடக்குன்னு ஒரு சத்தம். மூச்சு முட்டுது. கண்ணுக்கு முன்னாடி எதுவும் தெரியலை, மாப்பிள்ளை முதுகுதான் தெரியுது. அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் என் மருமகன் உக்காந்திருக்கான், அழுகையை நிறுத்திட்டு, ஜேசிபியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மூணாவது மாடியில உக்காந்தவன் மாதிரி ஊரை வேடிக்கை பாக்குறான். கூட்டம் சிரிக்குது பாருங்க, கொட்டடிக்கிறவன் கொட்டைக் கீழ வச்சுட்டான், அவனால அடிக்க முடியலை. போட்டோக்காரன் ஒருத்தன், "மாமா முகம் தெரியலை, லேசா எட்டிப் பாருங்க"ங்கிறான். நான் மாப்பிள்ளை அக்குள் வழியாத் தலையை நீட்டி, சிரிச்சேன். அந்த போட்டோதான் இப்ப ஊர் பூராப் போனுல சுத்துது. இருங்க, காட்டுறேன். இந்தா, பாத்தீங்களா, கீழருந்து ஒரு மீசை வருதே, அது நான்.

ஆசாரி முதல் காதைப் பிடிச்சாரு. சதக். பிள்ளை உஸ்ஸுன்னான், அழலை. ஆனா என் மடி குலுங்குது. என்னடான்னு பாத்தா, அழுவுறது மாப்பிள்ளை! தொண்ணூத்திரெண்டு கிலோவும் விம்மி விம்மி அழுவுது. அவரு நெஞ்சு அடிக்கிறது என் நெஞ்சுல வந்து இடிக்குது, அண்ணாச்சி. திக்கு திக்குன்னு. ஒரு ஆம்பளை நெஞ்சு அப்படி அடிச்சு நான் கேட்டதே இல்லை. பிள்ளைக்கு ஒரு பொட்டு ரத்தம், அதுக்கு இந்த அடி அடிக்குமான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. என் கை என்ன செஞ்சுச்சு தெரியுமா? என்னைக் கேக்காமயே போய் மாப்பிள்ளை முதுகைத் தட்டிக் குடுக்குது. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, முடிஞ்சிருச்சு சாமி, முடிஞ்சிருச்சு"ங்கிறேன். நான் சொல்றேன், மாப்பிள்ளைகிட்ட! பிள்ளை திரும்பி அப்பன் கன்னத்தைத் தொடைச்சு விட்டு, "அழாதப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு"ங்குது.

ரெண்டாவது காது. இப்ப பய ஜேசிபியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையைப் பின்னாடி நீட்டித் துழாவுனான். என் கட்டைவிரல் கிடைச்சுச்சு. பிடிச்சான். இறுக்கிப் பிடிச்சான். மாரீஸ்வரி சொல்றா, அவன் சாஞ்சு விழாம இருக்கப் பிடிச்சிருப்பானாம். அவளுக்கு என்ன தெரியும்? விரலு என்னுதுல்ல? எனக்குத் தெரியும். மணி எட்டு நாப்பத்திரெண்டு. நல்ல நேரத்துக்குள்ள, தாய்மாமன் மடியில, காது குத்தியாச்சு. மாப்பிள்ளை தோத்தாரு, நான் ஜெயிச்சேன். என்னை எந்திரிக்க வைக்கத்தான் நாலு பேரு வேண்டியிருந்துச்சு.

அதோட கதை முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா வைத்தியம் பாத்துட்டுப் போயிருவேன். அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். காலை நீட்டி, விளக்கெண்ணெய் தடவி, சாஞ்சு கிடக்கேன். எம் மக கனிஷ்கா வந்து பக்கத்துல உக்காந்தா. கோயில்ல முன் வரிசையில நின்னு கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டே இருந்தா, அது மட்டும் எனக்கு ஞாபகம்.

"அப்பா, எனக்குக் காது குத்துனப்ப யார் மடியில இருந்தேன்?"

"உங்க மாமா செந்தூரான் மடியிலதான். என் மச்சினன் முறைப்படி எல்லாம் செஞ்சான், குத்தம் சொல்ல முடியாது"ன்னேன்.

"அப்ப நீ எங்க இருந்த? செந்தூரான் மாமாவுக்கு மேல இருந்தியா, கீழ இருந்தியா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அடுப்படிக்குள்ளருந்து மாரீஸ்வரி சொல்றா, "மேலதான்டி இருந்தாரு. வேப்ப மரத்து மேல."

உண்மைதான். நான் மறுக்கலை. கோன் திரும்பிக்கிச்சு, மரத்துல ஏறிக் கட்டிக்கிட்டிருந்தேன். மைக்கு ஆசாரி பக்கத்துல இருந்துச்சு. இவ அழுத சத்தம் எனக்கு ஸ்பீக்கர் வழியாத்தான் வந்துச்சு. கணீர்னு வந்துச்சு. நான் மரத்துலருந்து குனிஞ்சு, "சவுண்டு நல்லா வருதா?"ன்னு கேட்டேன். எல்லாரும் நல்லா வருதுன்னாங்க. எனக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டு வருஷமா இதை எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிச் சிரிச்சிருக்கேன், அண்ணாச்சி. உங்ககிட்டதான் முதல் தடவையாச் சிரிப்பு வர மாட்டேங்குது.

எம் மக காதைத் தடவிக்கிட்டே இருந்தா. அப்புறம் கேக்குறா, "அப்பா, இன்னொரு ஓட்டை போட்டுக்கலாமா? ரெண்டாவது கம்மலுக்கு?"

"மூணாப்புப் படிக்கிற பிள்ளைக்கு எதுக்குடி ரெண்டு கம்மலு?"

"நாலாப்புப்பா."

"சரி, நாலாப்பு. கம்மல் ஆசையா?"

"கம்மல் வேண்டாம். ஓட்டை மட்டும் போதும். ஒரே ஒரு காதுல."

கம்மல் வேண்டாமாம், ஓட்டை போதுமாம். இப்படி ஒரு கிறுக்குப் பிள்ளையை எங்கயாவது பாத்திருக்கீங்களா? எனக்கு முதல்ல விளங்கவே இல்லை. "வலிக்கும்டி"ன்னேன். "வலிக்கட்டும்"னா. சொல்லிட்டு என் வீங்குன முட்டியைப் பாத்தா. ஒரு விரலால மெதுவாத் தொட்டா. எண்ணெய் ஒட்டிக்கிச்சு. "இது எப்ப சரியாகும்?"னு கேட்டா. அப்பதான் எனக்கு... சரி விடுங்க. கண்ணுல என்னமோ விழுந்துருச்சு. இங்க எண்ணெய் வாடை ஓவரா இருக்கு.

முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அப்பன் மடியில பிள்ளைக்குக் காது குத்துறதா? எங்க வம்சத்துலயே கிடையாது. ஆனா யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி, மூணு நாளாப் படுத்துக்கிட்டே யோசிச்சேன். தாய்மாமன் மடிங்கிறதெல்லாம் முதல் ஓட்டைக்குத்தான். ரெண்டாவது ஓட்டைக்கு யாரு மடின்னு எந்தச் சாத்திரத்துல எழுதியிருக்கு? உலகநாதன் பெரியப்பாகிட்டயே கேட்டுட்டேன். அவரு மோவாயைத் தடவிட்டு, "அது புறம்போக்குடா, எவன் முதல்ல உக்காருறானோ அவனுக்கு"ன்னுட்டாரு.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். ஆசாரியை வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன். பேனர் கிடையாது, மைக்கும் கிடையாது. திருப்பூருக்கு மட்டும் தினமும் ஒரு போன் போடுறேன். சும்மாதான். பிள்ளையை எப்படிப் பிடிக்கணும், கையை எங்க வைக்கணும், குத்தும்போது என்ன சொல்லணும்னு ரெண்டு விஷயம் கேட்டுக்கிட்டேன். மாப்பிள்ளை விலாவாரியாச் சொல்றாரு. கடைசியில, "நீங்க அழுதா அடக்காதீங்க மச்சான், அவ பாத்துக்குவா"ங்கிறாரு. நான் ஏன் அழுகப் போறேன்? நான் என்ன அவரா?

ஒரே ஒரு கவலைதான். என் மச்சினன் செந்தூரான் இருக்கானே, முரட்டுப் பய. முறை, மரியாதைன்னு என்னை மாதிரியே குதிப்பான். மாரீஸ்வரி எப்படியும் அவங்கண்ணன்கிட்டச் சொல்லியிருப்பா. வெள்ளிக்கிழமை வந்து நிப்பான், "என் மடி இருக்கையில அப்பன் மடி எதுக்கு?"ன்னு கேப்பான். வரட்டும். நல்லாக் கேக்கட்டும். நான் சண்டை போட மாட்டேன், அண்ணாச்சி. "வாங்க மச்சான், உங்க முறையை யாரு பறிச்சா"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பலகையில உக்கார வச்சு, அவன் மடி மேல நான் ஏறி உக்காந்துக்கிட்டு, என் மகளைக் கூப்பிடுவேன்.